சித்தியின் கல்யாண ரவிக்கைக்கு நான் எடுத்த அளவு

நம் வயதுப் பெண்களில் பாதிப் பேர் ரவிக்கைக்கு உடம்பளவு கொடுத்தே இருக்க மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைத் துவைத்து மடித்து, புதுத் துணியோடு சேர்த்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அளவு ரவிக்கை என்று அதற்குப் பெயர். இப்போதும் புக்கிட் பெருந்துங்கில் நான் போகிற கடைப் பெண் முதலில் அதைத்தான் கேட்கிறாள். "அளவு பிளவுஸ் கொண்டாந்தீங்களா ஆண்டி?" அறுபத்து மூன்று வயதில் எனக்கும் அது வசதிதான். பழைய ரவிக்கை நம்மைவிட ஓரங்குலம் ஒல்லியாக இருக்கும், புதியதும் அப்படியே வந்து சேரும், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கி மாட்டுவோம். சிரிக்காதீர்கள், உங்கள் பீரோவிலும் அப்படி நாலு கிடக்கும்.

என் அம்மா அளவு ரவிக்கையைக் கையால் தொட மாட்டார். "துணி இழுபட்டிருக்கும், சுருங்கியிருக்கும். அத நம்பி வெட்ட முடியாது. ஒடம்பக் கொண்டாங்க" என்பார். அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். பாதி ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. முன்னறையில் தையல் மிஷின். அதற்கு மேலே சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பியில் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் தாளாகத் தொங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் அம்மா பழுப்புத் தாளில் முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாக வரைந்து வெட்டி, நூலில் கோத்து மாட்டியிருப்பார். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து சலசலக்கும். மாவுப் பசை வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் கலந்த அந்த அறையில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன்.

எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டில் அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். வயிறு முன்னால் வந்ததும் அம்மாவால் அடுத்தவரைச் சுற்றிக் கைபோட முடியவில்லை. அதனால் டேப்பு என் கைக்கு வந்தது. மஞ்சள் டேப்பு, முதல் அங்குலம் தேய்ந்து அறுந்து போயிருந்தது. வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னால் உள்ளறையில் நான் அளப்பேன். முன்னறையில் அம்மா மிஷினருகே உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். வாசலில் ஆண்கள் நடமாட்டம் உண்டு என்பதால் மார்பு, இடுப்பு என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது. எண்களை மட்டும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நீளம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. மொத்தம் எட்டு எண்கள். ஏலம் போடுகிறவன் போல நான் கத்துவேன். பைப்படியில் உட்கார்ந்திருக்கும் வெட்டிப் பயல்கள் மூன்றாவது எண்ணுக்குக் காது கொடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, மாதத்துக்கு ஒரு முறை அம்மா வரிசையை மாற்றிவிடுவார்.

பெண்கள் உள்ளறையில் என்னிடம் பேரம் பேசுவார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டம்மா ஒரு நாள் என் கையில் மிட்டாயைத் திணித்து, "நாப்பத்தொன்னுன்னா கேக்கறதுக்கு நல்லாவா இருக்கு? முப்பத்தெட்டுன்னு சொல்லு பாப்பா" என்றார். நானும் சொன்னேன். அவர் படியிறங்கிப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தார். "டேப்பு சொல்றத சொல்லு. மனுசங்க சொல்றத சொல்லாத. முப்பத்தெட்டாம், முப்பத்தெட்டு. எனக்குக் கண்ணு இல்லையா?" அன்றிலிருந்து எனக்கு அம்மாவின் கண் மேல் பயம்.

இனி சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை சுற்று.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, கோலா குபு பாரு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவள் என்பதால் வா, போ என்றுதான் பேசுவேன். ஒரே பாயில்தான் படுப்போம். விடியுமுன்னே பால் மரம் வெட்டப் போய்விட்டு, மதியம் ரப்பர் பால் நாற்றத்தோடு வருவாள். குளித்துவிட்டு என் தலையைப் பின்னிவிடுவாள். எங்கள் வீட்டில் யாராவது சத்தமாகச் சிரித்தால் அது அவளாகத்தான் இருக்கும்.

அவளைப் பார்க்க முதலில் வந்தவர்கள், அப்பா அம்மா இல்லாத பெண் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணு வத்தலா இருக்கே" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அம்மா ஒரு வருஷம் அவளுக்குச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுச் சதை பிடிக்க வைத்தார். மூன்றாவதாகக் கோயில் திருவிழாவில் பார்த்துப் பிடித்துப்போய் வந்தவர்தான் கோலா சிலாங்கூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா. மகன் லோரி ஓட்டுகிறவர், நல்லவர், பேசத் தெரியாதவர். அவருக்கும் சேர்த்து அவர் அம்மாதான் பேசுவார். "தளதளன்னு இருக்கா. எனக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பரிசத்துக்கு நாள் குறித்தார். பரிசத்துக்கு உடுத்த வேண்டிய ரவிக்கைக்கு நான்தான் அளவெடுத்தேன். மார்பு முப்பத்திரண்டு. இடுப்பு இருபத்தாறு. கல்யாணம் மூன்று மாதம் கழித்து.

அந்த மூன்று மாதத்தில் சித்தி தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். நாம் குடிப்பது போல இல்லை. வேலையிலிருந்து வந்ததும் பானையிலிருந்து இனாமல் கோப்பையில் மொண்டு மொண்டு ஏழெட்டுக் கோப்பை குடிப்பாள். குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்த கையோடு மறுபடி நிமிர்த்துவாள். இரவில் பாயிலிருந்து எழுந்து எழுந்து பின்பக்கம் போவாள். குளியலறைச் சாக்கடையில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். அம்மா மண்ணெண்ணெய் ஊற்றுவார், மறுநாளும் வந்துவிடும். சாப்பாட்டுக்கும் குறைச்சல் இல்லை. மூன்று தட்டுச் சோறு சாப்பிடுவாள். பக்கத்து வீட்டக்கா, "நல்லாத் திங்கிற பொண்ணுக்கு என்னா நோவு வந்துரும்? கல்யாணக் கவல, அதான் ஒடம்பு எளைக்குது" என்றார். எல்லோருக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

அம்மா ஒன்று செய்தார். தினமும் காலையில் ஒரு பெரிய தம்ளரில் டின் பாலை ஊற்றி, முட்டையை உடைத்துக் கலக்கி, மேலே இரண்டு கரண்டி சீனியும் போட்டுச் சித்தியிடம் கொடுத்தார். மாலையில் சிரப் தண்ணீர். கடைக்குப் போனால் பேரீச்சம்பழம். எனக்கு அந்தப் பாலைப் பார்த்தால் நாக்கு ஊறும். கல்யாணப் பெண்ணுக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்துப் பொறாமைப்படுவேன். சித்தி பாதியைக் குடித்துவிட்டு, அம்மா பார்க்காதபோது மீதியை எனக்குக் கொடுப்பாள். அடியில் தங்கிய சீனியை விரலால் வழித்து நக்குவேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கூறைப் புடவையோடு வந்தார். அரக்குச் சிவப்பு, அதே நிறத்தில் ரவிக்கைத் துணி. அவர்கள் பக்கத்து வழக்கப்படி, கூறை ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது மாமியார் வந்து உட்கார்ந்திருக்க வேண்டுமாம். சித்தி காலையிலிருந்தே தடித்த உள்பாவாடை இரண்டும், உள்ளே ஒரு பழைய ரவிக்கையும், அதற்கு மேல் ஒரு ரவிக்கையுமாக இருந்தாள். வெயில் கொளுத்திய நாள் அது. நெற்றியில் வேர்வை வழிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நானும் சித்தியும் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டோம்.

வெளியே அவர் குரல் கேட்டது. "பரிசத்துக்கு எடுத்தது எவ்ளோ சம்பந்தி?"

அம்மா நோட்டைப் புரட்டும் சத்தம். "முப்பத்திரண்டு. இடுப்பு இருபத்தாறு."

"கொறஞ்சிருக்கக் கூடாதுங்க. மொகம் வாடித் தெரியுது. எங்க சனம் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்காது. நோயாளிப் பொண்ணக் கொண்டாந்துட்டியான்னு என்னையத்தான் கேக்கும். கொறஞ்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. நாள வேணும்னா தள்ளி வெச்சிக்கலாம்."

நாளைத் தள்ளி வைத்த கல்யாணம் எதுவும் எங்கள் தோட்டத்தில் அதன் பிறகு நடந்ததில்லை. பத்து வயதிலேயே எனக்கு அது தெரியும்.

சித்தி இரண்டு ரவிக்கையையும் கழற்றினாள். நான் அவளோடு ஒரே பாயில் படுத்தவள்தான். ஆனால் இருட்டில் படுத்தெழுந்து விடியுமுன் வேலைக்குப் போகிறவளை நான் எங்கே வெளிச்சத்தில் ரவிக்கை இல்லாமல் பார்த்தேன்? விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. தோள்பட்டையில் குழி. டேப்பைச் சுற்றினேன். இருபத்தொன்பதில் வந்து நின்றது. ஒன்றைக் கழித்தால் இருபத்தெட்டு.

"இன்னொரு தரம் அள" என்றாள் மெதுவாக.

அளந்தேன். இருபத்தெட்டு. மூன்றாவது முறையும் அதேதான். இடுப்பு இருபத்திரண்டு.

சித்தி என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. "பரிசத்து அளவையே சொல்லிரு. இது போச்சுன்னா எனக்கு வேற இல்ல. ஆயுசுக்கும் பால் வாளியத் தூக்கிக்கிட்டு உங்க வீட்லயேதான் கெடப்பேன். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும். ஏ தங்கம், சொல்லிரு."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சித்தி எங்கள் வீட்டிலேயே கிடப்பதுதான் எனக்கு வேண்டும். அவள் போய்விட்டால் யார் தலை பின்னிவிடுவார்கள், யாரோடு படுப்பேன் என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவள் என்னோடு இருப்பாள் என்று அந்த நிமிஷத்திலும் தோன்றியது. ஆனால் அது கெட்ட எண்ணம் என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன்.

பரிசத்து எண்கள் எட்டும் எனக்கு மனப்பாடம். திரையைப் பார்த்து நின்று ஒவ்வொன்றாகக் கத்தினேன். மார்பின் முறை வந்தபோது முப்பத்திரண்டு என்றேன். இடுப்புக்கு இருபத்தாறு. வெளியே அம்மா எழுதுகிற பென்சில் நிற்கவேயில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "பரவால்ல லா, அப்படியேதான் இருக்கா. வெயில்ல வேல செய்ற புள்ள, மொகந்தான் வாடியிருக்கு" என்று சொல்லி, பசியாறிவிட்டு மத்தியான பஸ்ஸில் போனார்.

குட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனார். கிராணி வீட்டம்மாவின் மூன்று அங்குலத்தைக் கண்ணாலேயே பிடித்தவருக்கு, தங்கையின் நாலு அங்குலம் தெரியவில்லை என்று நினைத்து எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் பயம் வந்தது. முப்பத்திரண்டுக்குத் தைத்த ரவிக்கையை இருபத்தெட்டு உடம்பில் மாட்டினால் என்ன ஆகும்? மணமேடையில் தோளிலிருந்து நழுவி விழும். அளவெடுத்தவள் நான். நானே மாட்டிக்கொள்வேன், சித்தியும் மாட்டிக்கொள்வாள்.

வழக்கமாக அம்மா தாளில் வரைந்து வெட்டும்போது நான்தான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். இந்த முறை நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது வெட்டி முடித்துவிட்டார். நான் வந்தபோது ரவிக்கைத் துணியை மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். சித்திக்கு இறக்கமான கழுத்தும் குட்டைக் கையும் வேண்டும் என்று ஆசை. அப்போது எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். அம்மா கேட்கவில்லை. "கல்யாணப் பொண்ணுக்குக் கழுத்து ஏறி இருக்கணும். கை முழங்கை வரைக்கும் வரணும். அதான் லட்சணம்" என்றார். சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பழங்காலத்து ஆள் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். அம்மாவுக்கு அப்போது முப்பது வயது.

நான் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போனேன். ரவிக்கை எப்படியாவது பொருந்திவிட்டால் அடுத்த திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் இல்லை, கல்யாணம் வரைக்கும் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். நாலு அங்குலத்தை அம்மன் எப்படிக் குறைப்பாள் என்றெல்லாம் யோசிக்கிற வயதில்லை.

கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் புடவை கட்டிவிட வந்து நிற்பதற்குள் அம்மா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாங்கள் மூன்று பேர். நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்க நின்று, அம்மா சித்திக்கு ரவிக்கையை மாட்டினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கொக்கி மாட்டுகிற சத்தம் ஒன்று, இரண்டு என்று கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

பொருந்தியிருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கையில் ஒரு தொய்வு இல்லை. கழுத்துக்குழி மூடி, மார்பு நிறைந்து, பரிசத்தன்று இருந்த சித்தியாகவே நின்றாள். சித்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு தோள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம், போ" என்றார். கதவைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து, சித்தியைச் சுற்றி வந்து பார்த்து, கன்னத்தில் கை வைத்து நெட்டி முறித்தார். நான் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் அழுதேன். அம்மன் கேட்டுவிட்டாள் என்று அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அழுதது அன்று ஒரு நாள்தான்.

கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள் தம்பி பிறந்தான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துக்குச் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் சித்தி பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாள் கணக்குப் போட்டாலே ஒத்து வராது. ஆனால் நல்ல செய்தி என்று தோன்றிவிட்டால் யார் கணக்குப் போடுகிறார்கள்? பக்கத்து வீட்டக்கா ஓடிப்போய் எலுமிச்சம்பழச் சாற்றில் சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்தார். சித்தி மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு மறுபடி வாந்தி எடுத்தாள்.

அவளைத் தாங்கிப் பிடித்த அக்கா முகத்தைச் சுளித்தார். "என்னாடி இது வாயில? அன்னாசி தின்னியா?"

சித்தி இல்லை என்று தலையாட்டினாள். நானும் முகர்ந்தேன். அளிந்த அன்னாசிப் பழ வாசம்தான். அவள் மூச்சு முழுவதும் அந்த வாசம். மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வந்துகொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கும்போது அன்னாசி தின்றால் கலைந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஒவ்வொரு பெண்ணாக வந்து சித்தியைத் திட்டினார்கள். "வேணாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே, ஏன் இந்தத் திருட்டு வேல?" என்று ஒருத்தி கேட்டாள். சித்தி பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு, "நான் திங்கல, நான் திங்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்காகப் பேச நான் ஒருத்தியாவது வாயைத் திறந்திருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தவள், எதைச் சொன்னால் எது வெளியே வருமோ என்று சும்மா இருந்தேன். சாயங்காலம் சித்தப்பா அவளை லோரியில் ஏற்றி அழைத்துப் போனார். ஏறும்போது அவளால் படியில் கால் வைக்க முடியவில்லை. அவர் தூக்கி உட்கார வைத்தார். சுலபமாகத் தூக்கினார்.

அதுதான் கடைசி. செவ்வாய்க்கிழமை காலையில் கிராணி ஆபீஸ் டெலிபோனில் வந்த செய்தியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தி எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விடியும்போது போய்விட்டாளாம். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னாராம். அப்பா திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "இனிப்பு நீரா? அது கெழவன் கெழவிக்கு வர்ற நோவு லா. இருபத்திரண்டு வயசுப் புள்ளைக்கு எப்படி வரும்?"

அம்மாவைப் போக விடவில்லை. பச்சை உடம்புக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று பெண்கள் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்கள். அப்பா மட்டும் என்னை அழைத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன் சித்தி என்னைய ஏமாத்திட்டுப் போயிட்டாளே" என்று கதறினார். அவர் துக்கத்தில் சொன்னது அது. நான் அதை வேறு விதமாகக் கேட்டேன். திரும்பி வந்தபோது அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தாள் என்று கேட்கவில்லை. அதன் பிறகு என்னை அளவெடுக்கக் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நாளில் மிஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு அப்பாவோடு வெளிவேலைக்குப் போகத் தொடங்கினார். அடுத்த திருவிழாவில் நான் பால்குடம் எடுக்கவில்லை. எடுப்பதாக இருந்தது யாருக்கும் தெரியாது.

அன்று இருபத்தெட்டு என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்காத வருஷம் இல்லை. கல்யாணம் நின்றிருக்கும். ஏன் இளைத்தாள் என்று கேள்வி வந்திருக்கும். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸரிடமாவது காட்டியிருப்பார்கள். இனிப்பு நீருக்கு ஊசி அப்போதே இருந்தது. என் ஒரு பொய் சித்தியைக் கொன்றது என்று முடிவுகட்டிக்கொண்டேன். என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ரவிக்கை எப்படிப் பொருந்தியது என்பதை மட்டும் நான் யோசித்ததில்லை. அம்மன் மேல் நம்பிக்கை போன பிறகு, துணி சுருங்கியிருக்கும், சித்தியே எதையாவது உள்ளே செருகியிருப்பாள் என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லி மூடி வைத்துவிட்டேன்.

அம்மா கடைசி நான்கு வருஷம் என்னோடு புக்கிட் பெருந்துங் வீட்டில்தான் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் அவருக்கும் இனிப்பு நீர் வந்திருந்தது. தினமும் காலையில் பசியாறுமுன் அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனை மிஷினில் வைப்பேன். ஐந்து நொடியில் எண் வந்துவிடும். எங்கள் ஊர் மிஷின் கணக்கில் அது ஏழைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் காலையில் பதினெட்டு என்று வந்தது. முதல் நாள் பேரன் பிறந்தநாளில் தின்ற கேக்கின் வேலை.

"எவ்ளோ?" என்றார்.

சொன்னால் அன்று முழுவதும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். "ஒம்போது மா" என்றேன்.

அம்மா சிரித்தார். "எங்கிட்ட அளவ மாத்திச் சொல்லாத. சின்னப் புள்ளையிலேருந்தே ஒனக்கு அதான் பழக்கம்."

"நான் எப்ப மாத்திச் சொன்னேன்?"

"அவ கல்யாண ரவிக்கைக்கு."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். "முப்பத்திரண்டுன்னு கத்துன. கொரலு நடுங்குச்சி. அவ வேலையிலேருந்து நடந்து வர்றப்பவே எனக்குத் தெரியும், இருபத்தெட்டுக்கு மேல இருக்காதுன்னு. பால ஊத்தி, முட்டைய ஊத்தி தேத்திரலாம்னு பாத்தேன். தேறல. சரி, கல்யாணம் மட்டும் நின்னுரக் கூடாதுன்னு நெனச்சேன். இருபத்தெட்டுக்கே வெட்டுனேன். எலும்பு தெரியாம உள்ள ரெண்டு மடிப்பு லைனிங் குடுத்தேன். கழுத்த ஏத்துனேன், கைய நீட்டுனேன். அந்த மாதிரி ஒரு ரவிக்க நான் அதுக்கு முந்தியும் தெச்சதில்ல, பிந்தியும் தெச்சதில்ல."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட ஒன்னுமே கேக்கல?"

"கேட்டா நீ உண்மையச் சொல்லியிருப்ப. அப்புறம் நானும் தெரிஞ்சவளா ஆயிருவேன்." குத்திய விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "நீ சொன்ன அளவுக்கே வெட்டியிருக்கணும். தொளதொளன்னு நின்னிருப்பா. சபையில எல்லாரும் பாத்திருப்பாங்க. அந்தம்மா கோவிச்சிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருக்கும். நானும் அவள இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். நீ குடுத்த அளவு சரிதான். அத மாத்துனது நாந்தான்."

என் பொய்தான் அவளைக் கொன்றது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், தன் தையல்தான் கொன்றது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கேட்ட எண்ணை மட்டும் சொன்னேன், பதினெட்டு என்று. அம்மா தலையாட்டினார். ஐம்பது வருஷமாக நாங்கள் ஒரே சாவுக்குத் தனித்தனியாக அழுதிருக்கிறோம், அதில் பல வருஷம் ஒரே கூரையின் கீழ்.